மூன்றாம் மாடிக் கம்ப்யூட்டர்

ஜனவரி 12

அண்ணிக்கு,

அண்ணன்கிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதறேன். "போன் பண்ணினா எடுக்கமாட்டா. லெட்டர் போட்டா கிழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது படிப்பா"ன்னு சொன்னார். கிழிக்கறதா இருந்தாலும் கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டுக் கிழிங்க.

உங்க அம்மா வீட்டுக்குப் போனதுல இருந்து அஞ்சு மாசமா நீங்க என்கூடப் பேசலை. ஏன்னு எனக்குத் தெரியும். நீங்க ஸ்கூட்டர்ல விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு படுத்திருந்தப்போ, நம்ம பிரெய்ல் அச்சகத்து இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, உங்க அண்ணியால இனிமே மூணு மாடி ஏற முடியுமான்னு கேட்டார். நான் முடியாதுன்னு சொன்னேன். டாக்டர் சொன்னதைத்தான் சொன்னேன். மறுநாளே உங்க நாற்காலியை எடுத்து வராந்தாவுல போட்டுட்டாங்க. நான் பார்த்துட்டு சும்மாதான் நின்னேன்.

இப்ப உங்க கம்ப்யூட்டரை ஒரு கம்பெனி ஆள் பார்க்கிறார். திங்கட்கிழமை மட்டும் வருவார். மத்த நாள்ல போன் பண்ணினா "திங்கட்கிழமை பார்க்கலாம்"னு சொல்லுவார். அதனால அவர் பேரே திங்கட்கிழமை ஆயிடுச்சு. போன வாரம் மூச்சு வாங்க ஏறி வந்து உட்கார்ந்து, இதுக்கெல்லாம் நேர்ல வரணுமா, மத்த ஆபீஸ்ல உட்கார்ந்த இடத்துல இருந்தே கட்டளை அடிச்சு முடிச்சுடுவோம்னு புலம்பினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்ப எந்த ஊர்ல இருந்தும் பண்ணலாமான்னு கேட்டேன். தெரிஞ்சவங்க பண்ணலாம்னார்.

தெரிஞ்சவங்க நீங்கதானே அண்ணி?

ஏப்ரல்ல இருந்து அந்தக் கம்பெனிக்கே வேலையை நிரந்தரமாக் கொடுக்கப்போறாங்க. அதுக்கு முன்னாடி என்ன செய்யணும்னு சொல்லுங்க. அந்தக் கம்ப்யூட்டர் என் மேசையில இருந்து பத்தடி. என் கை ரெண்டும் சும்மாதான் இருக்கு.

உங்கள் நாத்தனார்

*

ஜனவரி 17

தங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

இயக்குநரிடம் தாங்கள் சொன்ன பதில் உண்மைதான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு இன்னொரு பதிலும் இருந்தது: "அண்ணியிடமே கேளுங்கள்." அந்த இரண்டு சொற்களைத் தாங்கள் சொல்லவில்லை. எனக்கு இடுப்புதான் உடைந்தது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி புதிதல்ல. மூன்று வருடங்களுக்கு முன்பே இயக்குநருக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பிரெய்ல் வினாத்தாள் அச்சாகும் கணினி, வெளியிலிருந்து யாரும் தொடக்கூடாது என்று மறுத்துவிட்டார். அவர் பயம் நியாயமானது. பார்வையில்லாத பிள்ளைகள் எழுதும் தேர்வில் தாள் முன்கூட்டியே வெளியானால், அந்தக் கறை அச்சகத்தின் மேல் மட்டுமல்ல, அந்தப் பிள்ளைகள் மேலும் விழும்.

ஆகவே அவர் கையெழுத்திட்ட அனுமதி இல்லாமல் அந்தக் கணினியில் ஓர் எழுத்தைக்கூடத் தட்ட வேண்டாம். இது சம்மதம் அல்ல, எச்சரிக்கை.

இப்படிக்கு,
தங்கள் அண்ணனின் மனைவி

*

ஜனவரி 24

அண்ணி,

"அண்ணனின் மனைவி அவர்களுக்கு"ன்னு ஆரம்பிச்சுப் பார்த்தேன். கை வரலை. நீங்க என்னைத் தங்கள்னு எழுதினதைப் படிச்சதும் யாரோ வக்கீல் நோட்டீஸ் விட்ட மாதிரி இருந்துச்சு. சாப்பிடாம உட்கார்ந்திருந்தேன்.

நீங்க சொன்னது சரி. உங்ககிட்டயே கேளுங்கன்னு சொல்லியிருக்கணும். உங்களைப் பார்த்துக்கறோம்ங்கற நினைப்புல உங்களுக்குப் பதிலா நானே பேசிட்டேன். தப்புதான். இதுக்கு மேல எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை.

எச்சரிக்கை கிடைச்ச அன்னைக்கே இயக்குநர் அறைக்குப் போனேன். கால் மணி நேரம் முடியவே முடியாதுன்னார். கதவு திறந்திருந்ததால பிழை திருத்தறவர் கேட்டுட்டு உள்ளே வந்துட்டார். அவரைத் தெரியுமே, கோபம் வந்தா சட்டை பட்டனைத் தடவிக்கிட்டே பேசுவார். "பதினொரு வருஷம் வினாத்தாள் அந்தம்மா கையிலதான் இருந்துச்சு. ஒரு வரி வெளிய போகலை. படியேறி வந்தாத்தான் ஒருத்தர் நேர்மையா இருப்பாங்களா?"ன்னு கேட்டார். இயக்குநர் ரொம்ப நேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

கடைசியில கையெழுத்துப் போட்டுட்டார். நகல் உள்ளே வெச்சிருக்கேன். உங்க ஒருத்தர் பேர்ல மட்டும் அனுமதி. நீங்க அடிக்கற ஒவ்வொரு கட்டளையும் அவர் படிக்கிற மாதிரி பதிவாகணும். வினாத்தாள் தேர்வு அன்னைக்குக் காலையில மட்டும்தான் அந்த மெஷினுக்குள்ள போகும், வேலை முடிஞ்சதும் அழிக்கணும். பிப்ரவரி முடியறதுக்குள்ள வேலை செய்யுதுன்னு காட்டணும். இல்லைன்னா ஏப்ரல்ல கம்பெனிதான்.

உங்களைக் கேட்காம இதை ஒத்துக்கிட்டேனேன்னு திரும்பக் கோவிச்சுக்காதீங்க. ஒத்துக்கலை. "அண்ணிகிட்ட கேட்டுச் சொல்றேன்"னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

நாத்தனார்

*

ஜனவரி 29

அனுமதிக் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நிபந்தனைகள் சரியானவை. நானாக இருந்தாலும் அவற்றைத்தான் போட்டிருப்பேன். சம்மதம் என்று சொல்.

இனி வேலை. ஆபீஸ் நெட்வொர்க் வரைக்கும் வர எனக்குப் பூட்டுப் போட்ட ஒரு வழி இருக்கிறது. இயக்குநர் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காக நானே போட்டது. அதில் என் பெயரை மறுபடி சேர்க்கச் சொல், அவருக்கு எப்படி என்று தெரியும். ஆனால் அது வாசல் வரைக்கும்தான். அந்தக் கம்ப்யூட்டர் வெளியிலிருந்து வரும் எந்தக் கட்டளையையும் காதில் போட்டுக்கொள்ளாது. உள்ளே இருக்கிற ஒருவர் ஒரே ஒரு தடவை தாழ்ப்பாளை எடுத்துவிட வேண்டும். அந்த ஒருவர் நீ.

அடிக்க வேண்டியதைத் தனித்தாளில் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருக்கிறேன். தேடும் இடத்தில் முதல் வரியைத் தட்டினால் நீல நிற ஜன்னல் ஒன்றின் பெயர் வரும். அதைச் சும்மா திறக்காதே. வலது பக்கம் சொடுக்கி, நிர்வாகி உரிமையோடு திற. பிறகு இரண்டாம் வரி. நடுவில் இருப்பது சின்னக் கோடு, அதன் இரண்டு பக்கமும் இடைவெளி கிடையாது. நீ எதை எழுதினாலும் இடைவெளி விட்டுத் தள்ளுவாய், அதனால் சொல்கிறேன். அடித்ததும் ஏதாவது கேட்டால் தாளில் உள்ளபடி பதில் கொடு. என்ன வந்தாலும் எழுத்து மாறாமல் எழுதி அனுப்பு. "என்னமோ வந்துச்சு" என்று எழுதாதே.

அண்ணி

*

பிப்ரவரி 3

அண்ணி,

என்னமோ வந்துச்சு. சிவப்பா.

திட்டாதீங்க, எழுத்து மாறாம எழுதி உள்ளே வெச்சிருக்கேன். ஆனா முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன். இயக்குநர் பின்னாடி கை கட்டி நிக்கறார். நான் நீல ஜன்னலைத் திறந்தேன், நிர்வாகி உரிமையோடதான். இரண்டாம் வரியை ஒவ்வொரு எழுத்தாத் தட்டினேன். இடைவெளி விடலை. அடிச்ச உடனே ஒரு நிமிஷம் நல்லா ஓடுச்சு, அப்புறம் ஜன்னல் முழுக்கச் சிவப்பு எழுத்து. கம்ப்யூட்டரைக் கெடுத்துட்டேன்னு நினைச்சு எழுந்து நின்னுட்டேன். இயக்குநர் "இதுக்குத்தான் சொன்னேன்"னு சொல்லிட்டுப் போயிட்டார்.

பிழை திருத்தறவர் தன் மேசையில இருந்தே என்ன எழுதியிருக்குன்னு வாசிக்கச் சொன்னார். வாசிச்சேன். முழுசையும் கேட்டுட்டு, "இது கெட்டுப்போச்சுன்னு சொல்லலை. காரணம் சொல்லுது. காரணம் சொல்ற ஆளோட பேசி முடிச்சுக்கலாம்"னார்.

நான் நம்பலை. ஆனா நீங்க அவர் சொன்னதையே சொல்லுவீங்கன்னு மனசுக்குள்ள ஒரு ஆசை.

நாத்தனார்

*

பிப்ரவரி 8

குருவி,

அவர் சொன்னதையேதான் சொல்றேன். நீ எதையும் கெடுக்கலை. ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லாம அடிச்சிருக்கே.

விஷயம் இதுதான். ஒவ்வொரு நெட்வொர்க்கையும் அந்தக் கம்ப்யூட்டர் ரெண்டுல ஒண்ணா நினைச்சுக்கும். ஒண்ணு, நம்ம வீடு மாதிரி நம்பற இடம். இன்னொண்ணு, ரயில் நிலையம் மாதிரி பொது இடம். பொது இடத்துல யாராவது தாழ்ப்பாளை எடுக்கச் சொன்னா அது எடுக்காது. எடுக்கவும் கூடாது. திங்கட்கிழமை வந்து புது வயரைச் சொருகினப்போ, மெஷின் கேட்ட கேள்விக்கு யோசிக்காம பொது இடம்னு சொல்லிட்டுப் போயிருக்கார். ஆறு மாசமா நம்ம மூணாம் மாடியை அந்த மெஷின் ரயில் நிலையம்னு நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு.

இந்தத் தடவை தாள்ல நாலு வரி. முதல் வரி அது இருக்கிற இடத்தை நம்ம இடம்னு புரிய வைக்கும். ரெண்டாவது, போன தடவை அடிச்சதேதான். மூணாவது, நான் அடிக்கறதெல்லாம் பதிவாகறதுக்கு. நாலாவது என் பேர்ல ஒரு கணக்கு திறக்கும், அது கேட்கிற கடவுச்சொல்லை இயக்குநரை விட்டு அடிக்கச் சொல்லு. அவர் எனக்கு நேராப் போன் பண்ணிச் சொல்லட்டும். நீ தெரிஞ்சுக்க வேண்டாம். உன்மேல நம்பிக்கை இல்லாம இல்லை, நாளைக்கு யாரும் உன்னை ஒரு வார்த்தை கேட்கக்கூடாது.

சிவப்பு வராம முடிஞ்சா, பதினெட்டாம் தேதி காலையில பதினொரு மணிக்கு அச்சு இயந்திரத்துல தாள் போட்டு வை. வேற எதையும் தொடாதே. எனக்குப் போனும் பண்ணாதே. மெஷின் பதில் சொல்லட்டும்.

இன்னொண்ணும் சொல்லணும். இங்க அம்மா வீட்டுல எனக்கு எல்லாம் கைக்கு வருது. தண்ணி வருது, பேப்பர் வருது, சாப்பாடு வருது. உங்க அண்ணன் நான் எழுந்தாலே ஓடி வர்றார். ஆறு மாசமா யாரும் என்கிட்ட "இது என்னாச்சுன்னு பாரு"ன்னு ஒரு வேலை கொண்டு வரலை. உன் சிவப்பு எழுத்தைப் படிச்சப்போ நான் சிரிச்சேன். அம்மா அடுக்களையில இருந்து எட்டிப் பார்த்துட்டுப் போனாங்க.

அண்ணி

*

பிப்ரவரி 19

அண்ணி,

நாலு வரியும் சிவப்பு இல்லாம போச்சு. கடவுச்சொல் அடிக்கிறப்போ இயக்குநர் என்னைத் திரும்பி நிக்கச் சொன்னார். நான் ஜன்னல் வழியாத் தெருவைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

நேத்து பத்தே முக்காலுக்கே தாள் போட்டுட்டேன். இயக்குநர், பிழை திருத்தறவர், பைண்டிங் பண்ற ரெண்டு அக்கா, எல்லாரும் அந்த மெஷினைச் சுத்தி நிக்கறோம். பதினொண்ணு அடிச்சு ரெண்டு நிமிஷம் ஆச்சு. மூணு ஆச்சு. இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்புறம் யாரும் தொடாமலே இயந்திரம் டகடகன்னு அடிக்க ஆரம்பிச்சுது. பைண்டிங் அக்கா ஒருத்தர் பின்னாடி துள்ளி விழப் பார்த்தாங்க. ரெண்டே வரி. தாள் வெளிய வந்ததும் பிழை திருத்தறவர்தான் எடுத்தார். விரலை ஓட்டினார். ஓட்டிட்டு சத்தமாப் படிச்சார்: "குருவி, கதவைச் சாத்து. இந்தச் சத்தத்துக்குக் கீழ் மாடிக்காரங்க சண்டைக்கு வருவாங்க."

கதவு திறந்துதான் இருந்துச்சு அண்ணி. நான் போய்ச் சாத்திட்டு, அந்தப் பக்கமே திரும்பி கொஞ்ச நேரம் நின்னேன். அழறேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடுச்சு. பரவாயில்லை.

இயக்குநர் பதிவைத் திறந்து நீங்க அடிச்சதை ஒவ்வொரு வரியா வாசிச்சார். வாசிச்சு முடிச்சுட்டு, தேர்வு வரைக்கும் வழியைத் திறந்தே வைக்கலாம்னார். வேலையைப் பத்தி இன்னும் வாய் திறக்கலை.

அந்தத் தாளை நான் எடுத்து வெச்சுக்கிட்டேன். எனக்குப் பிரெய்ல் வராது. இருந்தாலும் வெச்சுக்கிட்டேன்.

குருவி

*

மார்ச் 7

அண்ணி,

நேத்து நாம ரெண்டு மணி நேரத்துக்கு மேல போன்ல இருந்தோம். ஏழு மாசத்துப் பேச்சு அதுல ஒரு வார்த்தைகூட இல்லை. "தாள் போடு", "எத்தனையாவது பக்கம்", "நிறுத்து", "போடு", அவ்வளவுதான். அதனால உங்களுக்குத் தெரியாததை இப்ப எழுதறேன்.

வினாத்தாள் சொன்னபடி காலையில ஆறரைக்கு வந்துடுச்சு. முத்திரை வெச்ச உறைக்குள்ள பென்டிரைவ். முப்பத்தொரு பேர், ஆளுக்குப் பதினாலு தாள். ஒன்பது மணிக்கு வேன், பத்து மணிக்குத் தேர்வு. கம்ப்யூட்டரைத் திறந்தா திரை முழுக்கக் கறுப்பு. நடுவுல ஒரு அம்புக்குறி மட்டும். அணைச்சுப் போட்டேன், மறுபடி கறுப்பு. திங்கட்கிழமைக்குப் போன் பண்ணினேன், அணைச்சு வெச்சிருக்கார். வியாழக்கிழமை பாருங்க.

இயக்குநர் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துடுச்சு. தேர்வைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்கணும், மத்த பிள்ளைங்கல்லாம் எழுதிடுவாங்க, இந்த முப்பத்தொரு பேர் மட்டும் தனியா இன்னொரு நாள் எழுதணும்னு தனக்குத்தானே பேசிக்கிறார். நாங்க எல்லாரும் திரையைத் தட்டறோம், வயரை ஆட்டறோம். அப்ப பிழை திருத்தறவர் சொன்னார்: "திரை கறுப்பா இருக்குன்னா ஏன் இவ்வளவு பதறுறீங்க? எனக்கு முப்பது வருஷமா அப்படித்தான் இருக்கு. நான் வேலை பார்க்கலையா? அந்தம்மாவைக் கூப்பிடுங்க."

நான் உங்க நம்பரை அடிச்சேன். போகாதுன்னு நினைச்சேன். நீங்க என் நம்பரை எப்பத் தடையில இருந்து எடுத்தீங்க அண்ணி? மூணாவது மணியிலேயே குரல் வந்துடுச்சு.

பென்டிரைவைச் சொருகச் சொன்னீங்க, சொருகினேன். அது உள்ளே இருக்குன்னு நீங்க அங்கிருந்து சொன்னப்போ இயக்குநர் திரையைப் பார்த்தார். திரையில ஒண்ணுமே இல்லை. கோப்புக்குக் கடவுச்சொல் வேணும்னு நீங்க கேட்டதும் அறையில எல்லாரும் அவரைத்தான் பார்த்தோம். அது அவர் ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சது, யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு உத்தரவு. அவர் என் கையில இருந்து போனை வாங்கினதை நீங்க பார்க்கலை. எங்களை எல்லாம் வெளிய போகச் சொன்னார். கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி அவர் குரல் கேட்டுச்சு: "அம்மா, நான் சொல்றேன். எழுதி வெச்சுக்காதீங்க." ரெண்டு நிமிஷத்துல உள்ளேயிருந்து டகடகன்னு சத்தம்.

நாங்க மறுபடி உள்ளே போனப்போ அவர் நாற்காலியில உட்கார்ந்து கையால முகத்தை மூடிக்கிட்டிருந்தார். பிழை திருத்தறவர் முதல் தாளை எடுத்து மேலிருந்து கீழ வரைக்கும் விரலை ஓட்டி, "சரியா இருக்கு, ஓட்டுங்க"ன்னார். நானும் பைண்டிங் அக்காக்களும் தாள் போடறோம், எடுக்கறோம், அடுக்கறோம், உறையில போட்டு ஒட்டறோம். எனக்கு இப்பவும் தோள்பட்டை வலிக்குது. எட்டு ஐம்பதுக்குக் கடைசி உறையை ஒட்டினேன். உறையெல்லாம் வேன்ல ஏறினதும் டிரைவர் ஒண்ணும் தெரியாம, ஏன் எல்லாரும் வாசல்ல வந்து நிக்கறீங்கன்னு கேட்டார்.

முப்பத்தொரு பேரும் பத்து மணிக்கு எழுத ஆரம்பிச்சாங்க. ஒரு நிமிஷம்கூடத் தாமதம் இல்லை.

சாயங்காலம் திங்கட்கிழமை போன் பண்ணினார். என்னாச்சுன்னு கேட்டார். எல்லாம் முடிஞ்சுது, திரை மட்டும் வரலை, திங்கட்கிழமை வந்து பாருங்கன்னு சொன்னேன். வாழ்க்கையில ஒரு தடவையாவது இப்படிப் பேசக் கிடைச்சுதே.

குருவி

*

மார்ச் 14

என் குருவிக்கு,

உன் நம்பரைத் தடையில இருந்து எடுத்தது பிப்ரவரி எட்டாம் தேதி. சொல்லிக்க வெட்கமா இருந்துச்சு.

இங்க நடந்ததையும் கேளு. நீ கூப்பிட்டப்போ நான் பல் தேய்ச்சுக்கிட்டிருந்தேன். வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு மேசைக்கு வர்றதுக்குள்ள ஒரு யுகம் ஆச்சு. உங்க அண்ணன் தூக்கிட்டுப் போறேன்னு வந்தார். கம்ப்யூட்டரைத் திறந்து வைங்க, அது போதும்னேன். அந்த மெஷினைக் கூப்பிட்டேன். பதில் வராத அந்தக் கொஞ்ச நேரத்துல எனக்கு உயிர் போய் வந்துச்சு. அப்புறம் அதோட பேர் ஒரு வரியில வந்து நின்னுச்சு. விடியக்காலையில அது தானாப் புதுப்பிச்சுக்கிட்டு, பாதியில படம் காட்டற வேலையை மட்டும் மறந்துட்டு முழிச்சிருக்கு. காது நல்லாக் கேட்டுச்சு, கையும் வேலை செஞ்சுது. மாட்டிக்கிட்டிருந்த அச்சு வேலையை நிறுத்தி மறுபடி எழுப்பினேன், அவ்வளவுதான். கட்டளை அடிக்கறதுக்குத் திரை எதுக்கு? கடைசி உறை ஒட்டினதா நீ சொன்னதும் வினாத்தாளை அழிச்சேன். அழிச்ச வரியும் பதிவுல இருக்கும்.

போனை வெச்சதுக்கு அப்புறம்தான் பார்த்தேன், வாய் ஓரத்துல பற்பசை அப்படியே காய்ஞ்சிருந்துச்சு. அம்மா ரெண்டு மணி நேரமாப் பக்கத்துலயே நின்னிருக்காங்க. நான் பார்க்கவே இல்லை. "யாரோட இவ்வளவு அதிகாரமாப் பேசினே?"ன்னு கேட்டாங்க. என் ஆபீஸோடன்னு சொன்னேன்.

பத்தாம் தேதி இயக்குநர் போன்ல பேசினார். உன்னை விட்டுப் பேச வைக்கலை, உங்க அண்ணன்கிட்டயும் பேசலை. நேரா என்கிட்டயே கேட்டார்: "நாலு கம்ப்யூட்டரையும் அங்கிருந்தே பார்த்துக்க உங்களால முடியுமா?" கொஞ்சம் காத்திருக்கட்டும்னு விட்டேன். அப்புறம் முடியும்னேன். நேத்து உத்தரவு வந்துடுச்சு. பழைய பொறுப்பு, ஏப்ரல் ஒண்ணாம் தேதியில இருந்து. பணியிடம்ங்கற கட்டத்துல இந்த வீட்டு விலாசத்தை அவர் கையாலயே எழுதியிருக்கார். உங்க அண்ணன் அதை எடுத்துட்டுப் போய்த் தெருவுல பாதிப் பேருக்குக் காட்டிட்டு வந்துட்டார். நான் தடுக்கலை.

மத்த மூணு கம்ப்யூட்டருக்கும் தாள் இதோட வெச்சிருக்கேன். முதல்ல எது எந்த இடத்துல இருக்கறதா நினைச்சுக்கிட்டிருக்குன்னு கேளு, அப்புறம்தான் தாழ்ப்பாள். சிவப்பு வந்தா எழுந்து நிக்காதே, வாசி. மாசக் கடைசியில ரெண்டு நாள் இங்க வா. இந்த வேலையில பாதியை நீ தெரிஞ்சுக்கணும். நீ வந்தா நான் வாங்கிக் கட்டிக்க வேண்டிய சண்டையும் பாக்கி இருக்கு. ஏழு மாசம் பேசாம இருந்ததுக்கு நீ என்னைத் திட்டவே இல்லையே.

ஏன் கத்துக்கணும்னு கேட்பே. பதினொரு வருஷத்துல நான் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. இப்ப மறுபடி வேலை வந்தாச்சு. ஒரு நாளாவது லீவு போட்டுப் பார்க்கணும்னு ஆசையா இருக்கு.

அண்ணி